மூணாறு லாட்ஜுக்குக் கண்டென்சிங் பாய்லர்: அந்த 108 சதவீதம் கிடைக்குமா?

கேட்கப்பட்டது இது. மூணாறில் 30 அறை லாட்ஜ். இப்போது ஓடுவது டீசலில் எரியும் பழைய ஹாட் வாட்டர் பாய்லர். எல்பிஜியில் ஓடும் கண்டென்சிங் பாய்லர் வைத்தால் 108 சதவீத எஃபிசியன்சி வரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்லி, 100 கிலோவாட் மெஷினுக்கு விலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நூறுக்கு மேல் எப்படி வரும்? நம்பி வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பொருத்த வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும்? பழைய டீசல் பாய்லரை என்ன செய்வது?

நான் பாலக்காடு கஞ்சிக்கோடு பக்கம் பாய்லர், பர்னர் வேலையில் இருப்பவன். மலைமேல் உள்ள விடுதிகளின் வெந்நீர் வேலைகளும் பார்த்திருக்கிறேன். முதலில் சுருக்கமாக: தொழில்நுட்பம் உண்மையானது, உங்கள் ஊருக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் எஃபிசியன்சி பாய்லர் பெட்டிக்குள் மட்டும் இல்லை. பாய்லருக்குள் திரும்பி வரும் தண்ணீர் (ரிட்டர்ன் என்போம்) எவ்வளவு குளிர்ச்சியாக வருகிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது உங்கள் டேங்க், பைப் லைன், பம்ப். இந்த மூன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கொட்டேஷனை வைத்துக்கொண்டு முடிவு எடுக்காதீர்கள்.

108 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்பிஜி எரியும்போது கார்பன் டை ஆக்சைடு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் ஆவியாக வருகிறது. ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட 1.6 கிலோ தண்ணீர். ஹோட்டல் அடுப்புக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் புகைக்குழாய் வழியாக ஆவியாக வெளியே போகிறது. தண்ணீரை ஆவியாக்க நிறைய வெப்பம் வேண்டும் அல்லவா, அந்த வெப்பத்தையும் அது சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. சாதாரண பாய்லரில் புகை 150, 200 டிகிரியில் வெளியேறுவதால் இதை மீட்க வழியே கிடையாது. மீட்க முடியாததைக் கணக்கில் சேர்ப்பானேன் என்று, அந்த ஆவியின் வெப்பத்தைக் கழித்துவிட்டு மீதியை 100 என்று வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் ஐரோப்பாவில் நிலைத்துவிட்டது. அதை நிகர வெப்ப மதிப்பு என்பார்கள். கண்டென்சிங் பாய்லர் அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கி வெப்பத்தைப் பிடிப்பதால், அந்தக் கணக்கில் 100-ஐத் தாண்டுகிறது. மொத்த வெப்ப மதிப்பை வைத்துப் பார்த்தால் எந்த பாய்லரும் 100-ஐத் தாண்டாது.

இதில் எரிபொருளுக்கு எரிபொருள் வரம்பு வேறு. இயற்கை எரிவாயுவில் நிகரக் கணக்கின் உச்சவரம்பு சுமார் 111. எல்பிஜியில் சுமார் 108 முதல் 109. டீசலில் இன்னும் குறைவு, 106, 107 அவ்வளவுதான். அதாவது எல்பிஜியில் 108 என்றால் ஆவி முழுவதையும் ஒரு துளி விடாமல் பிடித்து, வேறு எந்த இழப்பும் இல்லாமல் ஓட்ட வேண்டும். அது நடக்காது. கேட்டலாகில் வரும் 107, 108 எல்லாம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில், 30 சதவீத லோடில், 30 டிகிரி ரிட்டர்ன் தண்ணீரில் ஆய்வகத்தில் எடுத்தவை. பொய் இல்லை. ஆனால் அது உங்கள் கேஸும் இல்லை, உங்கள் லோடும் இல்லை. விற்பனையாளரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: எந்த கேஸில், எத்தனை டிகிரி ரிட்டர்னில், நிகர மதிப்பிலா மொத்த மதிப்பிலா? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். சில்லென்ற தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதே, பாய்லருக்குள் நடப்பதும் அதுதான். புகை படும் உலோகச் சுவர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இருந்தால்தான் ஆவி அதில் தண்ணீராகப் படியும். எல்பிஜி புகைக்குக் கடல்மட்டத்தில் அது 52, 53 டிகிரி. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே 49, 50 டிகிரிக்குத்தான் வேர்க்கத் தொடங்கும். பர்னரில் தேவைக்கு மேல் காற்றை விட்டால் இன்னும் இறங்கும்.

தொடங்குவது வேறு, முழுதாகக் கிடைப்பது வேறு. உங்கள் உயரத்துக்கு நான் போட்ட தோராயக் கணக்கு: புகையை 40 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஆவியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் தண்ணீராகும். 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு. நல்ல மெஷினில் வெளியேறும் புகை, உள்ளே வரும் தண்ணீரைவிட 10 டிகிரி அளவுதான் கூடுதலாக இருக்கும். ஆகவே ரிட்டர்ன் 20 டிகிரியில் வந்தால் நிகரக் கணக்கில் 104 பக்கம் எதிர்பார்க்கலாம். 30 டிகிரியில் வந்தால் 102. ரிட்டர்ன் 60 டிகிரி என்றால் வேர்ப்பதே இல்லை, 97 சதவீதத்தில் நின்றுவிடும். நீங்கள் விலை கூடிய ஒரு சாதாரண பாய்லரை ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கிலாந்திலும் ஹாலந்திலும் இந்த பாய்லர்கள் வீட்டை வெதுவெதுப்பாக்கும் ரேடியேட்டர்களுக்காக வந்தவை. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் பொதுவாகக் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஆனால் ரேடியேட்டர் லைனில் தண்ணீர் பெரும்பாலும் 55, 60 டிகிரியில் திரும்பி வரும், வேர்ப்பது குறைவு. உங்களுக்கு ரேடியேட்டர் கிடையாது, குளிக்க வெந்நீர் மட்டும். ஓடைத் தண்ணீர் டிசம்பர், ஜனவரியில் 15 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வருகிறது. இதைவிட நல்ல வாய்ப்பு இந்த பாய்லருக்குக் கிடைக்காது. பிளம்பிங்கில் அந்தக் குளிர்ந்த தண்ணீரை பாய்லர் வரை கொண்டுபோகாமல் கெடுத்துவிடுவதுதான் நடக்கிறது.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது, சர்குலேஷன் லைன். குழாயைத் திறந்ததும் எல்லா அறைக்கும் வெந்நீர் வர வேண்டும் என்று ஒரு பம்ப் வைத்து வெந்நீரைச் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்வார்கள். சுற்றி வரும் 50 டிகிரி தண்ணீரை டேங்கின் அடியில், பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அவ்வளவுதான், டேங்கின் அடிப்பகுதி நாள் முழுக்க வெதுவெதுவென்று இருக்கும், பாய்லருக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கவே கிடைக்காது. அடிமாலிப் பக்கம் ஒரு விடுதியில் பார்த்திருக்கிறேன், புது கண்டென்சிங் மெஷின், ஆவி தண்ணீராகி வடிந்து வெளியேறும் கண்டென்சேட் குழாய் காய்ந்து கிடந்தது. சர்குலேஷன் ரிட்டர்னை டேங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மாற்றி, பம்புக்கு டைமர் போட்டு, லைன் முழுக்க இன்சுலேஷன் சுற்றியதும் குழாயில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பாய்லரில் யாரும் கை வைக்கவில்லை.

இரண்டாவது, டேங்குக்குள் இருக்கும் காயில், அதாவது பாய்லர் தண்ணீர் ஓடும் சுருள் குழாய். சின்னக் காயில் என்றால் டேங்க் தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டியதும் பாய்லர் தண்ணீர் 60-க்கு மேல் திரும்பத் தொடங்கும். டேங்கைச் சூடாக்கும் கடைசிப் பாதி நேரம் முழுக்க கண்டென்சிங் இல்லாமல் ஓடும். என் பரிந்துரை, காயிலை விட்டுவிட்டு வெளியே ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் பாய்லர் தண்ணீரும் மறுபக்கம் டேங்க் தண்ணீரும் ஓடும் கருவி. டேங்கின் அடியிலிருந்து பச்சைத் தண்ணீரை மெதுவாக எடுத்து, பிளேட்டில் ஒரே ஓட்டத்தில் 60 டிகிரிக்கு ஏற்றி, டேங்கின் தலையில் விட வேண்டும். சூடு மேலே, குளிர் கீழே என்று டேங்க் அடுக்காக நிற்கும். அடி குளிர்ச்சியாக இருக்கும்வரை பாய்லர் ரிட்டர்ன் 20, 25 டிகிரியிலேயே வரும். டேங்க் குட்டையாக அகலமாக இருந்தால் அடுக்கு கலங்கிவிடும், உயரமான டேங்காகக் கேளுங்கள். பம்ப் பெரிதாக இருந்தாலும் இதே கேடு. வேகமாகச் சுற்றினால் நல்லது என்று நினைத்துப் பெரிய பம்ப் போடுவார்கள். போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் குறைந்தது 20 டிகிரி வித்தியாசம் இருக்கும்படி ஓட்டத்தைக் குறைத்து வைப்பதுதான் இங்கே சரி. பாய்லர் பக்க லைனுக்கும் டேங்க் பக்க லைனுக்கும் நடுவில் ஹெடர் என்ற பொதுக் குழாய் வைத்தால், பாய்லர் பக்க ஓட்டம் அதிகமாகிச் சூடான தண்ணீர் அப்படியே ரிட்டர்னில் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

கண்டென்சிங் ஆக வேண்டும் என்பதற்காக டேங்கை 45 டிகிரியில் வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும், அது நிமோனியாவை வரவழைக்கும். டேங்கில் 60 டிகிரி, கடைசி அறைக்குப் போகும் லைனில் 50-க்குக் குறையாமல் இருக்கட்டும். குளியலறையில் மிக்ஸிங் வால்வு வைத்து 43, 45 டிகிரியில் விடுங்கள், குழந்தைகளுக்குச் சுடாது. மழைக்காலத்தில் பல நாள் பூட்டியிருந்த அறையைத் திறந்தால், விருந்தினர் வரும் முன் குழாயைத் திறந்து வெந்நீரைச் சில நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள்.

அளவுக்கு வருவோம். 100 கிலோவாட் உங்களுக்குத் தேவையில்லை. 30 அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 40 டிகிரியில் 50 லிட்டர் என்றால் 3,000 லிட்டர். 15 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற சுமார் 87 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம். காலை ஆறரை முதல் எட்டரைக்குள் எல்லாரும் குளித்துவிட்டுத் தேக்கடிக்கோ டாப் ஸ்டேஷனுக்கோ கிளம்புவார்கள். அதனால் அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 60 டிகிரியில் 1,000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 1,500 லிட்டருக்கு மேல் குளியல் தண்ணீர் தரும். மீதி 1,500 லிட்டரை அந்த இரண்டு மணி நேரத்தில் காய்ச்ச 22 கிலோவாட் போதும். ஒரு அறையில் நான்கு பேர் தங்கும் மே மாதக் கூட்டம், லைன் இழப்பு, சமையலறை எல்லாம் சேர்த்து இரண்டு 35 கிலோவாட் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றாலும் லாட்ஜ் ஓடும். ஒரே 100 கிலோவாட் மெஷின் வைத்தால் பகலில் இரண்டு அறை குளிக்கும்போது அது பற்றுவதும் அணைவதுமாக இருக்கும். கேஸும் வீண், பற்றவைக்கும் எலெக்ட்ரோடும் சீக்கிரம் போகும்.

35 என்று தகட்டில் போட்டிருப்பது உங்கள் ஊரில் 35 தராது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே வரும் ஆக்சிஜன் குறையும். 30 கிலோவாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்ன இரண்டு மெஷின் கணக்கு இதையும் சேர்த்துத்தான். பர்னரைத் தொழிற்சாலையில் ட்யூன் செய்து அனுப்பிவிட்டோம் என்பதை ஏற்காதீர்கள். மூணாறில், உங்கள் கேஸில், புகை ஆய்வுக் கருவியைக் குழாயில் செருகிப் பார்த்து வைக்க வேண்டும். எல்பிஜிக்குக் கார்பன் டை ஆக்சைடு 10 முதல் 11 சதவீதத்துக்குள், உற்பத்தியாளர் சொல்லும் எண்ணில் நிற்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அளவும் அந்தத் தாளில் அச்சாகி வர வேண்டும். அந்தத் தாளை வாங்கி ஃபைலில் வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

கேஸ் பற்றி விற்பனையாளர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சமவெளியில் இது பிரச்சினையே இல்லை என்பதால் பலருக்குத் தோன்றாது. எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குப் பூஜ்ஜியம் டிகிரியாவது வேண்டும். ஜனவரி விடியற்காலையில் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்மேல் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிரில் சிலிண்டருக்குள் திரவம் இருக்கும், ஆவி வராது. கேஸ் எடுக்க எடுக்க சிலிண்டர் இன்னும் குளிரும், வெளியே வியர்த்து, பிறகு பனி படியும். புரொப்பேன் முதலில் போய்விட்டு பியூட்டேன் அடியில் தங்கும். சிலிண்டர் தீரவில்லை, ஆனால் பாய்லர் பாதுகாப்புக்காகத் தானே நின்று பூட்டிக்கொள்கிறது (லாக்அவுட்), அதுவும் எல்லாரும் குளிக்கும் ஆறரை மணிக்கு. இரண்டு மெஷினும் முழுதாக ஓடும்போது மணிக்கு 5 கிலோ கேஸ் வேண்டும். ஒரு 19 கிலோ சிலிண்டர் அந்தக் குளிரில் மணிக்கு அரை கிலோ தொடர்ந்து தருவதே கஷ்டம்.

வழி இரண்டு. ஒரே பொதுக் குழாயில் (மேனிஃபோல்ட்) நிறைய சிலிண்டர் சேர்ப்பது ஒன்று. திரவமாகவே எடுக்கும் வகைச் சிலிண்டரோடு அந்தத் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் மின்சார வேப்பரைசர் வைப்பது மற்றொன்று. உங்கள் அளவுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். சிலிண்டரைச் சூடாக்க வெந்நீர் ஊற்றுவது, அடியில் கரி வைப்பது எல்லாம் மலையில் சில இடங்களில் நடக்கிறது. உங்கள் ஆட்கள் யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. மொத்தம் 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி இருப்பு வைத்தால் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும், கேஸ் ஏஜென்சியிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இடம் தேர்வும் இதோடு சேர்ந்ததுதான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். மூணாறு லாட்ஜ்கள் பெரும்பாலும் சரிவில் கட்டியவை. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பின்னால் பள்ளத்தில் இன்னும் இரண்டு மாடி. அந்த அடிமாடியில் இடம் சும்மா கிடக்கிறது என்று பாய்லரை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ரோட்டு மட்டத்திலோ மொட்டை மாடியிலோ தனி அறை, தரையோடு ஒட்டிக் காற்றுத் துவாரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேஸ் டிடெக்டர், அது சத்தம் போட்டால் கேஸைத் தானாக அடைக்கும் வால்வு. பக்கத்தில் கீழ்நோக்கிப் போகும் சாக்கடை மூடியோ படிக்கட்டோ இருக்கக் கூடாது.

புகைக்குழாயில் கவனிக்க வேண்டியது சாய்வு. குழாய்க்குள்ளும் தண்ணீர் படியும், அது பாய்லரை நோக்கித் திரும்பி ஓடி வடிய வேண்டும். மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சாய்வு வையுங்கள். வெளியே போகும் பக்கம் சாய்த்துவிட்டால் அமிலத் தண்ணீர் சுவரில் வழியும். குழாய் இதற்கென்று வரும் பாலிப்ரொப்பிலீன் அல்லது துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும். பிளம்பர் கடையில் கிடைக்கும் சாக்கடை பிவிசி வேண்டாம், ஏதாவது கோளாறில் புகை சூடானால் வளைந்து இணைப்பு விட்டுப்போகும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். குளியலறை கேஸ் கீசரில் மூச்சடைத்து இறந்தவர்கள் செய்தி வருடா வருடம் படிக்கிறோம். காற்றையும் வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியே விடும் மூடிய வகையாகவே வாங்குங்கள். குழாயின் வாயில் வெள்ளை ஆவி எப்போதும் தெரியும், குளிர் நாளில் அதிகமாகவே. அது கேடில்லை, ஆனால் விருந்தினர் ஜன்னலுக்கு எதிரே விடாதீர்கள். தென்மேற்குப் பருவக் காற்று நேராக அறையும் சுவரையும் தவிர்க்கவும்.

வடியும் தண்ணீர் அமிலம், பிஎச் 3-லிருந்து 4 பக்கம். செம்பு, துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்பு, சிமென்ட் எல்லாவற்றையும் மெல்ல அரிக்கும், அதனால் பிளாஸ்டிக் குழாயிலேயே கொண்டுபோக வேண்டும். நடுவில் சுண்ணாம்புக்கல் அல்லது மார்பிள் சில்லு நிரப்பிய ஒரு டப்பா வழியாக விட்டால் அமிலம் முறிந்துவிடும், பிறகு சாக்கடையில் விடலாம். இந்தத் தண்ணீர் வடியும் வழியில் புகையைத் தடுக்க ட்ராப் என்ற தண்ணீர் தேங்கும் வளைவு இருக்கும், அதில் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகுதான் பாய்லரை ஓட்ட வேண்டும். காலியாக இருந்தால் புகை அந்த வழியாக அறைக்குள் வரும். பல நாள் நிறுத்தி வைத்த பிறகு ஓட்டும்போதும் இது பொருந்தும்.

பாய்லருக்குள் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலா, அலுமினியமா என்று கேளுங்கள். நான் ஸ்டீலைத்தான் எடுப்பேன். அலுமினியம் மோசமில்லை, ஆனால் தண்ணீரின் பிஎச் ஒரு குறுகிய வரம்புக்குள் இருக்க வேண்டும், ஆள் மாறிக்கொண்டே இருக்கும் லாட்ஜில் அதைக் காப்பது கடினம். உங்கள் ஓடைத் தண்ணீர் மென்மையானது, உப்பு படிவது பெரிய பிரச்சினை இல்லை. மழையில் வரும் வண்டல்தான் எதிரி, பிளேட் எக்ஸ்சேஞ்சரின் குறுகிய வழிகளை அடைத்துவிடும். அதற்கு முன்னால் நல்ல ஃபில்டர் கட்டாயம். இதே கேள்வியைப் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தோ கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ, உப்பு கூடிய போர்வெல் தண்ணீர் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் நான் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்டனரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மின்சாரத்தில் ஒரு விஷயம், பல பேரை அலைக்கழித்தது. இந்த பர்னர்கள் சுடர் எரிகிறதா என்பதைச் சுடர் வழியாக எர்த்துக்குப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கின்றன. நியூட்ரல் எர்த்தோடு சரியாக இணையாத ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓட்டினால், பற்றும், சில நொடியில் அணைந்து லாக்அவுட் ஆகும். போர்டு கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், மறுபடி அதேதான் நடக்கும். கரண்ட் போகும்போது மட்டும் கோளாறு வருகிறது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜெனரேட்டரின் நியூட்ரலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே இடிமழைக்கும் துலாம் (ஐப்பசி) மாத இடிக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்தே ஆக வேண்டும்.

பராமரிப்பை வருடத்துக்கு ஒரு முறை, கூட்டமில்லாத ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த மாதங்களில் நேரியமங்கலம் வழியும் போடிமெட்டு வழியும் மண்சரிந்து அடைபடலாம், சர்வீஸ் ஆள் வர முடியாமல் போகும். மே கடைசி வாரத்திலோ, மழை குறைந்த செப்டம்பரிலோ வைத்தால் நல்லது. பர்னர் கதவைத் திறந்து, எக்ஸ்சேஞ்சரின் புகைப் பக்கத்தைத் தண்ணீராலும் நைலான் பிரஷ்ஷாலும் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் போட விடாதீர்கள், ஸ்டீலில் கீறல் விழுந்தால் அங்கிருந்து அரிப்பு தொடங்கும். திறந்த கதவின் கேஸ்கெட்டை மறுபடி பழையதையே போடக் கூடாது. ட்ராப்பைக் கழற்றிக் கழுவி, எலெக்ட்ரோட் இடைவெளி பார்த்து, எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றழுத்தம் பார்த்து, சுண்ணாம்புக்கல் சில்லுகளை மாற்றி, கடைசியில் மறுபடி புகையை அளந்து தாள் தர வேண்டும். தாள் தராத சர்வீஸ் பாதி சர்வீஸ்தான். ஒரு ஃபேன், ஒரு கன்ட்ரோல் போர்டு, ஒரு செட் எலெக்ட்ரோட், கேஸ்கெட் ஆகியவற்றை மெஷினோடு சேர்த்தே வாங்கி அலமாரியில் வையுங்கள். கொச்சியிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது.

உங்கள் ஆட்கள் தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ரிட்டர்ன் தெர்மாமீட்டரையும் கண்டென்சேட் குழாயையும் பார்ப்பது. வாரம் ஒரு நாள் அந்தக் குழாயின் கீழே ஒரு பக்கெட் வைத்து, அன்று எரிந்த கேஸையும் சேர்ந்த தண்ணீரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிலோ கேஸுக்கு ஒரு லிட்டர் பக்கம் தண்ணீர் சேர்ந்தால் பாய்லர் தன் வேலையை நன்றாகச் செய்கிறது. அரை லிட்டர் என்றால் லைனில் எங்கோ சூடான தண்ணீர் ரிட்டர்னில் கலக்கிறது. பக்கெட் காய்ந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுதும் வீண். கொட்டேஷனில் இதையே நிபந்தனையாக எழுதுங்கள்: பொருத்தி முடித்து, காலை நேர லோடில் ஓட்டி, பக்கெட்டில் இவ்வளவு தண்ணீர் வந்த பிறகே கடைசித் தவணை. 108 என்ற எண்ணைப் பற்றி யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

மிச்சம் எவ்வளவு? அதே 87 யூனிட் வெப்பத்துக்கு 85 சதவீதத்தில் ஓடும் சாதாரண எல்பிஜி பாய்லர் 8 கிலோ எரிக்கும். கண்டென்சிங் நன்றாக ஓடினால் 6.6, 6.8 கிலோ. லாட்ஜ் நிறைந்த நாளில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். இதை உங்கள் ஊர் கேஸ் விலையால் பெருக்கி, வருடத்தில் எத்தனை நாள் நிறைகிறது என்று வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அதே வெப்பத்தை, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட் பம்ப் ஒன்று மூணாறு குளிரில் 30 முதல் 35 யூனிட் கரண்டில் தந்துவிடும். கேரள மின்வாரியத்திடம் போதுமான லோடு கிடைக்குமானால், பெரும்பாலும் அதுதான் மலிவு. கையில் ஒரே ஒரு மெஷினுக்குத்தான் பணம் என்றால் ஹீட் பம்பின் விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் விருப்பம், இரவெல்லாம் மெதுவாக டேங்கை நிரப்ப ஒரு ஹீட் பம்ப், காலை நெரிசலுக்கும் கரண்ட் இல்லாத நேரத்துக்கும் ஒரு 35 கிலோவாட் கண்டென்சிங். அப்போது கேஸ் இருப்பும் குறையும். பாய்லர், பம்போடு வேப்பரைசரும் ஜெனரேட்டரில் ஓடும்படி லைன் கொடுக்க மறக்காதீர்கள்.

பாய்லர் சட்டம், இன்ஸ்பெக்டர் என்று யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தப்பட்ட விளக்கப்படி 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரை மட்டும் காய்ச்சும் கலன் பாய்லர் என்ற வரையறைக்குள் வரவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2025-இல் வந்திருப்பதால், வாங்கும் முன் பாய்லர் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். சட்டம் விலக்கினாலும் சேஃப்டி வால்வு இல்லாமல் ஓட்டக் கூடாது.

பழைய டீசல் பாய்லரைக் கழற்ற வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் வால்வு போட்டுத் தனியாக அடைத்து ஸ்டாண்ட்பையாக வையுங்கள், ரோடு அடைபட்டுக் கேஸ் லாரி வராத வாரத்தில் உதவும். மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆனால் புதுசின் புகையைப் பழைய டீசல் பாய்லரின் சிம்னியில் சேர்க்க விடாதீர்கள். செலவு மிச்சம் என்று பிளம்பர் சொல்வார். அந்த ஈரப்புகையில் செங்கல் சிம்னியின் உட்பூச்சு ஊறி உதிரும், இரும்புச் சிம்னி துருப்பிடித்து ஓட்டையாகும், இரண்டு மெஷினும் ஒரே நேரம் ஓடினால் ஒன்றின் புகை மற்றதற்குள் திரும்பும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வாய்.